அண்ணி பக்கத்து பிரேக்

ஓட்டுநர் பயிற்சிக் கார்களில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் பதறினால் கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்காக. போன மாதம் மாரடைப்பில் எங்களை விட்டுப் போன என் அண்ணி, அந்த பிரேக்கின் மேல் காலை வைத்தபடியேதான் வேலைக்காலம் முழுவதையும் கழித்தார். மிதித்ததைவிட மிதிக்காமல் விட்டதுதான் அதிகம்.

“நான் மிதிச்சா என் கால்தான் கத்துக்கும். உங்க கால் எப்பக் கத்துக்கும்?” என்பார்.

பயந்தவர்களையெல்லாம் அவரிடம்தான் அனுப்புவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வாழ்நாளெல்லாம் சைக்கிள் மிதித்தவர், பிரேக் போட வேண்டிய இடத்தில் மணி அடிக்கக் கையால் தேடுவார். பேக்கரி நடத்தும் ஒரு பெண்மணி, எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அண்ணி குரலை உயர்த்தமாட்டார். “கண்ணைத் திறங்க. லாரிக்காரர் உங்களைவிட பயந்து போயிருக்கார்” என்பார்.

அண்ணனும் அண்ணியும் நானும் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி வெகுநாளாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுவாக நின்றுபோயிருந்தது.

அண்ணியின் முப்பத்தெட்டாவது வயதில் அவர் இருக்கையில் ஒரு கருநீலத் துண்டு வந்து சேர்ந்தது. ஏன் என்று கேட்டேன். “சீட்டு சுடுதுடி” என்றார். மழைக்காலத்திலும் துண்டு அங்கேயே கிடந்தது. பிறகு வகுப்பின் பாதை மாறியது. எங்கே சுற்றினாலும் கார் ஒரு பெட்ரோல் பங்க்கைத் தொட்டே தீரும். அங்கே ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்லி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “கண்ணாடி மூணையும் கலைச்சுட்டுத் திரும்ப சரி பண்ணுங்க. வந்து பார்ப்பேன்” என்று இறங்கிப்போவார். பங்க்கில் கழிப்பறை இருந்தது. மாதத்தில் பாதி நாள் அவருக்கு ரத்தப்போக்கு என்பது காரில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அது பாடத்தின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். அண்ணியிடம் படித்தவர்கள் கண்ணாடி சரிசெய்வதில் இன்றைக்கும் கெட்டிக்காரர்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் அவராகவே வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளித்தார். மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார். கேட்டால், “படி ஏறுது, நான் ஏறலை” என்று சிரிப்பார். ஆள் ஒல்லி; அடிவயிறு மட்டும் மெல்ல மேடு தட்டியது.

ஒருநாள் சந்தோஷமாக வீடு வந்தார். “என்னன்னே தெரியலை, எல்லாரும் பூ மாதிரி ஓட்டறாங்க. தபால்காரர் ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி ஏறினதே எனக்குத் தெரியலை.”

காரணம் மறுநாள் தெரிந்தது. பேக்கரிக்காரம்மா வண்டி ஓட்டிக்கொண்டே, “எத்தனையாவது மாசம் மேடம்?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கன்னேன். அவங்க கிளட்ச்சை அவ்வளவு பதமா விட்டு நான் பார்த்ததே இல்லடி. அதை ஏன் கெடுக்கணும்?”

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அண்ணி என்னைப் பார்க்காமல் துண்டைத் துவைக்கப் போனார்.

அண்ணன் வேலை பார்த்த அச்சகம் பேக்கரி இருந்த தெருவில்தான் இருந்தது. அந்த வாரம் அவர் அண்ணியின் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டார். மேல் தட்டிலிருந்த மாவு டப்பாவைக் கைக்கெட்டும் தட்டுக்கு இறக்கி வைத்தார். காலையில் ஷேவ் செய்யும்போது எதையோ முணுமுணுத்துப் பாடினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். “யாரு சொன்னா உங்ககிட்ட?”

“பேக்கரிக்காரம்மா. நீயா சொல்லுவேன்னு காத்துட்டிருக்கேன்.”

நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“புள்ளை இல்லீங்க. எனக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. வருஷத்துக்கு மேல ஆச்சு. புள்ளைன்னா நின்னிருக்கும்.”

அண்ணன் மாவு டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “தலை சுத்துதா?” என்று கேட்டார். “சுத்துது” என்றார் அண்ணி. அவ்வளவுதான். மறுநாள் மூவரும் ஸ்கேன் எடுக்கப் போனோம்.

கர்ப்பப்பையின் தசையில் நார்க்கட்டிகள், ஃபைப்ராய்டு என்றார்கள். பெரியது ஒரு மாதுளை அளவு. பார்த்த முதல் டாக்டர், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். சேதி கேட்ட எங்கள் சித்தி போனில், “நாப்பது ஆகப்போகுது, அதை வெச்சிட்டு என்ன பண்ணப்போறா?” என்றார். அண்ணனும், “எடுத்துடுவோம். எனக்கு நீ இருந்தா போதும்” என்றார்.

“இதை எனக்காகச் சொல்றீங்களா, சித்திக்காகச் சொல்றீங்களா? எடுக்கணும்னா எடுக்கலாம். எதுக்குன்னு எனக்குப் புரியட்டும்.”

புரிந்துகொள்ள இன்னொரு டாக்டரிடம் போனோம். அண்ணி நேராகக் கேட்டார்: “பிரேக் சத்தம் போட்டா இன்ஜினையே இறக்குவாங்களா டாக்டர்?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “சில வண்டிக்கு இறக்கறதுதான் சரி. உங்க வண்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று படத்தை விளக்குக்கு எதிரே பிடித்தார். இது பெண்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது என்றார். பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது. பலருக்குத் தொந்தரவே இராது, சும்மா விட்டுவிடலாம். சிலருக்கு மாத்திரையிலேயே ரத்தப்போக்கு கட்டுப்படும். அண்ணிக்குக் கட்டிகளை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவைக்கலாம். ஆனால் திரும்ப வரலாம். குழந்தை பிறக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

“குழந்தைக்காகக் கேக்கலை டாக்டர். என்னோடது, இருக்கற வரைக்கும் இருக்கட்டுமேன்னுதான்.”

“இருக்கட்டும். ஆனா ரத்தத்துல ஹீமோகுளோபின் ஏழுகிட்டதான் இருக்கு, பன்னெண்டாவது இருக்கணும். ஏத்தாம கத்தி வைக்கமாட்டேன்.”

அண்ணியின் மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்று மாலை இரண்டு மடங்கானது. யாரும் சொல்லாமலே பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் கார் சாவியை மேஜைமேல் வைத்தார். முதலாளி, கொஞ்ச நாள் தியரி வகுப்பு மட்டும் எடுங்களேன் என்றபோதுதான் உட்கார்ந்தார். “என் கால் சட்டுன்னு போகணும். தலை சுத்தறவளோட கால் போகாது. இத்தனை நாள் உட்கார்ந்ததே தப்பு.”

பிறகு, தன்னிடம் படிப்பவர்களைக் கார் நிறுத்துமிடத்துக்கு வரச்சொல்லி, வயிற்றில் இருப்பது என்ன என்று வெளிப்படையாகச் சொன்னார். துண்டு எதற்கு, பங்க் எதற்கு என்பதையும். பேக்கரிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தபால்காரர் தரையைப் பார்த்தபடி, “அப்ப நாங்க மெதுவா ஓட்டினதெல்லாம்?” என்றார்.

“அதுக்குப் பேருதான் ஓட்டறது. இனிமேலும் அப்படியே ஓட்டுங்க.”

கலைந்து போகும்போது பேக்கரிக்காரம்மா மட்டும் நின்றார். தனக்கும் அப்படித்தான் போகிறது, வயசானால் சகஜம் என்று விட்டுவிட்டதாகக் காதோடு சொன்னார். அந்த வாரமே அண்ணி அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். போகும்போது அவரையே ஓட்டவைத்து, பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பிரேக் இருந்த இருக்கையில் வேறொரு பயிற்சியாளர். லாரி வந்ததாம். கண்ணை மூடவில்லையாம். அவருக்கு மாத்திரையே போதுமானதாக இருந்தது.

இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றி, ரத்தம் தேறிய பிறகு அண்ணிக்கு ஆபரேஷன் நடந்தது. படி ஏறும்போது நிற்காமல் ஏறிய முதல் நாள், மேலே வந்து அண்ணனிடம், “மாவு டப்பாவை மேல வைங்க. அங்க இருந்தாத்தான் என் கை தானா போகும்” என்றார். அண்ணன் வைத்தார். குழந்தை பிறக்கவில்லை. சில வருடம் கழித்து ஒரு சின்னக் கட்டி திரும்ப வந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்து, “வாடகைக்கு வந்திருக்கு, சத்தம் போடலைன்னா இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அது சத்தம் போடவில்லை. மாதவிடாய் நின்றதும் சுருங்கிப்போனது. ஆபரேஷன் முடிந்து தேறியதிலிருந்தே அவர் மறுபடி அந்த பிரேக்கின் மேல் காலை வைத்துத்தான் உட்கார்ந்திருந்தார், போன மாதம் வரை.

கடைசியாக அவரை எடுத்துப்போன வேனை பேக்கரிக்காரம்மாதான் ஓட்டினார். வேறு யாரையும் ஓட்ட விடவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை உண்டு. அங்கே முதல் கியருக்கு வந்து, கிளட்ச்சை விட்டும் விடாமலும், வண்டி ஏறியதும் இறங்கியதும் தெரியாமல் கடந்தார்.

பின்னால் அண்ணியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் சொன்னார்: “அவ இருந்திருந்தா, இப்ப வயித்துக்குள்ள ஒண்ணும் இல்லை, ஆக்ஸிலேட்டரை மிதிங்கன்னு சொல்லியிருப்பா.”

“சொல்லியிருப்பாங்க சார்” என்றார் அவர். ஆனாலும் மிதிக்கவில்லை.