ஏழாம் நம்பர் கணினியில் ஒரு மஞ்சள் பூ

கல்லூரித் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சில்லைப் பார்த்தே குடுவையை உடைத்த ஆளைச் சொல்லிவிடுவார் என்பார்கள். பதினெட்டு வருடமாகக் குடுவை கழுவி, நுண்ணோக்கி துடைத்து வருகிறவர். படிப்பு பள்ளியோடு நின்றுபோனது. மூன்று வருடம் முன்பு பத்துக் கணினிகள் வந்தபோது, அந்த அறையின் சாவி அவர் இடுப்புக்கு வந்தது. அன்றிலிருந்து நடையே கொஞ்சம் மாறிவிட்டது.

கணினியில் பூ வளர்க்கும் பாடம் ஒன்று உண்டு. திரையில் இரண்டு பூக்களை இணைத்தால் நூறு செடிகள் பூத்து நிற்கும். வெள்ளை நிறத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் இரண்டு சிவப்புகளைச் சேர்த்தால், ஏறக்குறைய முக்கால் பங்கு சிவப்பும் கால் பங்கு வெள்ளையும் பிறக்கும். திரையின் ஓரத்தில் 'சடுதி மாற்றம்' என்று ஒரு கட்டம். அதில் ஒன்று என்று போட்டால், அப்பா அம்மாவிடம் இல்லாத நிறம் எப்போதாவது திடீரென்று முளைக்கும். பாடத்துக்கு அங்கே பூஜ்ஜியம்தான் இருக்க வேண்டும்.

மதிய இடைவேளையில் அவர் ஏழாம் நம்பரில் உட்கார்ந்து ஒன்று போட்டுப் பார்ப்பார். ஊழியர்கள் கணினியைச் சொந்த ஆசைக்குத் தொடக்கூடாது என்பது விதி. கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"வீட்டுல இருக்கிற ஒரு தொட்டி காஞ்சு கெடக்கு. மகாராணி அங்க போய் தோட்டம் போடுறாங்களாம்!"

"என் தோட்டத்துக்குத் தண்ணி வேணாம், கரண்ட் போதும்" என்பார் இவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றைப் பூஜ்ஜியமாக மாற்ற மறந்து எழுந்துவிட்டார்.

பிற்பகல் வகுப்பில் ஏழாம் நம்பரில் உட்கார்ந்த பெண் நோட்டில் எழுதினாள்: சிவப்பு 71, வெள்ளை 28, மஞ்சள் 1.

பேராசிரியை நோட்டைத் தூக்கிக் காட்டினார். "மஞ்சளா? யாரு குடுத்தா, உங்க தாத்தாவா?"

வகுப்பே சிரித்தது.

"நிஜமா வந்துச்சு மேடம்."

"அப்போ காட்டு."

அவள் அதற்குள் அடுத்த கலப்புக்குப் போயிருந்தாள். திரையில் சிவப்பும் வெள்ளையும் மட்டுமே.

"எண்ணிப் பார்க்கச் சோம்பல், கதை அளக்கிறே. வெளிய போ."

பக்கத்தின் குறுக்கே சிவப்பு மைக் கோடு. உதவியாளர் அவள் பின்னால்தான் நின்றிருந்தார். வாய் திறந்தால் சாவி போய்விடும். மனம் அதற்குமேல் எதையும் எண்ணவில்லை. வகுப்பு கலைந்ததும் பூஜ்ஜியம் போட்டார்.

மறுவாரம் நோட்டுகளுக்கு முத்திரை குத்தும்போது அவளுடையது வந்தது. திருப்பி எழுதியிருந்தாள். நான்கு கலப்புகள், நான்கிலும் சிவப்பு 75, வெள்ளை 25. கீழே 'மிக நன்று'.

மூன்று வருடமாக அந்தத் திரையைப் பார்க்கிறவருக்கு அது போதும். நான்கு முறை வரிசையாக அச்சு மாதிரி அப்படி வரவே வராது. செய்யாத பொய்க்குத் திட்டு வாங்கிய பெண், இப்போது நிஜமாகவே பொய் எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

குடிதண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தார்.

"அந்த மஞ்சள் நிஜம்தாம்மா. நான்தான் சடுதி மாற்றக் கட்டத்துல ஒண்ணு போட்டு வச்சிருந்தேன்."

அவள் குப்பியை மூடினாள். "இப்போ சொல்றீங்களாக்கா? அன்னைக்கு நான் வெளிய போக நாற்காலியை நகர்த்தி வழி விட்டீங்களே, அப்போ வாயில என்ன இருந்துச்சு?"

"மேடம்கிட்ட சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம். இப்போ எழுதின 75 எல்லாம் நானா போட்டது. நோண்டினா நான்தான் மாட்டுவேன்."

அவர் அன்றே பேராசிரியையின் அறைக்குப் போனார். "கட்டத்துல ஒண்ணு போட்டது நான்தான் மேடம்" என்றார். ஏழாம் நம்பரில் அதற்குப்பின் செய்த எதையும் நம்ப முடியாது, அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மறுபடி செய்யட்டும் என்றும் சொன்னார். பின்பாதி, அந்தப் பெண் மாட்டாமலிருக்கச் சொன்ன பொய். அதையும் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பேராசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"நான் அந்தப் பொண்ணைத் திட்டும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் மேடம்."

"சாவியை வச்சிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் மீண்டும் ஏழாம் நம்பரில் உட்கார்ந்தாள். பேராசிரியை அவளருகே குனிந்து, "மஞ்சள் விஷயத்துல தப்பு என்னோடது" என்றார். அவள் தலையசைத்தாள். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நான்கு கலப்புகளில் சிவப்பு 72, 79, 68, 81. வந்ததை வந்தபடி எழுதினாள்.

வகுப்பு முடிந்தபோது உதவியாளர் ஆய்வுக்கூடத்துக் கழுவுதொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். நோட்டுகளை அவரிடம் கொடுப்பதுதான் வழக்கம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அந்தப் பெண் கையைச் சுற்றி நடந்து, நோட்டைப் பேராசிரியையின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.