தேத்தண்ணிக் கோப்பையால் அளந்த சோறு

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அரியாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் வாழையிலைக்கு முன்னால் நான் மயங்கி விழுந்தேன். பசியால் வந்த மயக்கம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டதால் வந்தது. அதுவும் தங்கைக்குக் கலியாணம் பேசப் போன வீட்டில்!

கொஞ்சம் முன்னுக்கிருந்து சொன்னால்தான் விளங்கும். எனக்கு ஊர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். புகையிலையும் மரக்கறியும் செய்கிற தோட்டக்காரன். அப்போது முப்பத்தெட்டு வயது. ஊரில் என்னைத் தெரியாதவர்களுக்கும் என் சாப்பாட்டைத் தெரியும். காலையில் ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவித்த புட்டைத் தனியாளாக முடித்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்குவேன். மத்தியானம் நான் சோற்றுக்கு முன்னால் இருந்தால், மனைவி தன் பங்கை முதலிலேயே எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள். அப்படிப்பட்ட எனக்கு வயிற்றில் புண் வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அது ஓட்டையாகி, அந்த வருடம் மாசி மாதம் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒழுங்கு சொன்னார். ஒரு தடவைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு சோறு, நாளைக்கு ஆறு தடவை. நன்றாக மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. இனிப்பு அறவே கூடாது. மீறினால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மயக்கம் வரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பசித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வயிறு இனிப் பெரிசாப் பசிக்காது. கண்தான் பசிக்கும். அதுக்கு எங்களிட்டை ஒப்பரேசன் இல்லை" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. விளிம்பில் நீலக்கோடு போட்ட ஒரு கோப்பையை மனைவி எனக்கென்று ஒதுக்கினாள். அதில் சோற்றை அமுக்காமல் அள்ளித் தட்டில் கவிழ்ப்பாள். பார்க்கவே அழுகை வரும். பாதி சாப்பிடும்போதே நெஞ்சுக்குக் கீழே கல் வைத்ததுபோல் அடைத்துவிடும். கையோ அடுத்த வாயைக் குழைத்துக்கொண்டிருக்கும். முதல் மாதம் அவளோடு சண்டை பிடிக்காத நாள் இல்லை. ஒருநாள் கோப்பையை மாற்றிப் பெரியதொன்றை வைத்துப் பார்த்தேன். நீலக்கோடு எங்கே என்று கேட்டாள், மாட்டிக்கொண்டேன்.

பிறகு மெல்ல மெல்லப் பழகியது. ஒவ்வொரு வாயையும் எத்தனை தரம் மெல்லுகிறேன் என்று எண்ணத் தொடங்கினேன். தோட்டத்துக்குப் போகும்போது சின்னத் தூக்குச்சட்டியில் என் பங்கு கூடவே வரும். முப்பத்தெட்டு வருடம் அள்ளி அள்ளி விழுங்கியவனுக்குக் கத்தரிக்காயின் ருசி அப்போதுதான் பிடிபட்டது. இவ்வளவு நாளும் என்னத்தைத்தான் தின்றேனோ!

அந்த நேரத்தில்தான் தங்கையின் கலியாணப் பேச்சுக்கால் வந்தது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அப்பா, அம்மா இல்லை. எல்லாம் என் தலையில். முன்னர் இரண்டு இடம் சரிவருவதுபோல் வந்து தட்டிப்போயிருந்தது. அரியாலை மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. சாதகமும் பொருந்தியிருந்தது. அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. என் வயதுதான் இருக்கும். அந்த வீட்டில் அக்கா வைத்ததுதான் சட்டம் என்றார்கள். வந்து கதைத்துவிட்டு, ஒருவாய் சாப்பிட்டுப் போகலாம் என்று அக்காவே சொல்லியனுப்பியிருந்தார்.

ஒப்பரேசன் கதையை எடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தேன். வருத்தக்காரக் குடும்பம், நோயாளிக் குடும்பம் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், தங்கையின் காரியம் அதோடு சரி. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டே சாப்பிடுங்கோ என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் சமாளிப்பேன் என்றேன்.

போரும் பொருளாதாரத் தடையுமாகப் பெற்றோல் இல்லாத காலம். ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் போனோம். உண்மையைச் சொன்னால், வழி முழுக்க அவள்தான் மிதித்தாள், நான் பின்னால் கரியரில் இருந்தேன். அரியாலை கிட்டியதும் இறங்கி, இடம் மாறி, நான் மிதித்துக்கொண்டு கம்பீரமாக அந்த வீட்டுப் படலைக்குள் நுழைந்தேன்.

பேச்சு நன்றாகவே நடந்தது. பிறகு இலை போட்டார்கள். ஆண்களுக்கு முதற்பந்தி. அக்காவே அகப்பையோடு வந்தார். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். போதுமென்று இலைக்கு மேல் கையை விரித்தால், விரலுக்கு மேலேயே போட்டுவிடுவார்கள். சம்பந்தம் பேச வந்தவன் இலையில் மிச்சம் விட்டால், வீடு பிடிக்கவில்லை என்று அர்த்தம். முதல் அகப்பையோடே என் கோப்பைக் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டாவதையும் சாப்பிட்டேன். மூன்றாவதற்குக் கையை விரித்தேன், விரலில் சூடாக விழுந்தது. அறை வாசலில் மனைவி நிற்பது தெரிந்தது. அந்தப் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

கடைசியில் பாயசம் வந்தது. தடையால் சீனி கண்ணில் காணக் கிடைக்காத நாட்கள் அவை. நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தோம். இந்த நாளுக்கென்று மாதக்கணக்காகச் சேர்த்த சீனி என்று மாப்பிள்ளையின் பெரியப்பா பெருமையாகச் சொன்னார். அதை எப்படி வேண்டாம் என்பது? ஒரு கிண்ணம் குடித்தேன். உண்மையில் ஆசையும் இருந்தது. கண் பசித்தது.

கொஞ்ச நேரத்தில் வேட்டி நனையும் அளவுக்கு வியர்த்தது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. எழும்பலாம் என்று கையை ஊன்றினேன். அதற்குப் பிறகு தெரியாது.

கண் விழித்தபோது பாயில் கிடந்தேன். அக்கா விசிறிக்கொண்டிருந்தார். மனைவி அழுதபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். பெரியப்பா முற்றத்தில் நின்று, எனக்குக் கேட்கத்தான் சொன்னார்:

"இதையே ஒளிச்சவை, இன்னும் என்னென்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கினமோ!"

அக்கா விசிறியை வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார். அது அதைவிடப் பயமாக இருந்தது. திரும்பி வரும்போது முழுத்தூரமும் மனைவிதான் மிதித்தாள். வீட்டில் தங்கை வாசலுக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்தாள். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். தங்கையின் வாழ்க்கையை நானே தின்று முடித்துவிட்டேன் என்று அன்று குமுறி அழுதேன்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. பதினோராம் நாள் மத்தியானம், நான் சாப்பிட இருக்கும் நேரம், படலையில் சைக்கிள் மணி கேட்டது. அந்த அக்கா! வெயிலில் தனியாக அவ்வளவு தூரம் மிதித்து வந்திருந்தார். நான் பதறி எழும்பப் போனேன், இருங்கோ என்று கையைக் காட்டினார். மனைவி நீலக்கோட்டுக் கோப்பையைக் கவிழ்த்தாள். நான் சாப்பிட்டு முடிக்க அரைமணித்தியாலம் ஆகும். அவ்வளவு நேரமும் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா என்று ஒருதரம் கேட்டார். ஓம் என்றேன். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"அண்டைக்குக் கையை விரிச்ச பிறகும் போட்டனான். அது என்ரை பிழை. சொல்லாமல் சாப்பிட்டது உங்கடை பிழை. ரண்டும் சரிக்குச் சரி. இனிக் கலியாணத்துக்கு நாளைப் பாப்பம்."

வேறு எதையாவது ஒளித்திருந்தால் இப்போதே சொல்லிவிடச் சொன்னார். அரியாலைக்கு மனைவிதான் சைக்கிள் மிதித்தாள் என்பதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தங்கை குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

தையில் கலியாணம் நடந்தது. பந்தியில் அக்கா எனக்கு ஒரு அகப்பை போட்டார். பிறகு என் இலைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். சோறு, குழம்பு, பாயசம் என்று வாளியோடு வந்த எல்லோரையும், அவருக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். பெரியப்பாவே பாயசத்தோடு வந்தபோதும் விடவில்லை. நான் மென்று மென்று சாப்பிட்டு முடிக்குமட்டும் அடுத்த பந்தி காத்திருந்தது.

இப்போது எனக்கு எழுபது கடந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் இலை போட முன்னரே என் அளவைச் சொல்லிவிடுகிறேன், கூச்சப்படுவதில்லை. அன்பாக அள்ளி அள்ளிப் போட்டவர்கள் என் வாழ்க்கையில் நிறையப் பேர். ஆனால் சோறென்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது, போடாமல் என் இலைக்குக் காவல் நின்ற அந்த அக்காதான்.