மூக்குக் குத்திய டிரைவரும் மேஜர் டென்ட்டும்

1. காலைப் பரேடு

சுபேதார் தங்கராசு சாப் வரிசையில ஒவ்வொரு முகமா பாத்துக்கிட்டே வந்தவர், டிரைவர் முத்து முன்னாடி வந்ததும் நின்னுட்டார்.

"மூக்குல என்னய்யா அது குச்சி?"

"வேப்பங்குச்சி, சாப். மூக்குக் குத்தியிருக்கேன்."

"எதுக்கு?"

"மூக்குத்தி போட, சாப்."

நான் சமையல் கொட்டகையில ரவை கிண்டிக்கிட்டே இதைப் பாத்துட்டு நின்னேன். என் சர்வீஸ்லயே உப்புமா அடிப்பிடிச்சது அன்னைக்கு ஒரு நாள்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்கணும்னு சொல்றேன். நாங்க பகுதி நேரப் பட்டாளம். மேல இருக்கிறவங்களை சாப்னுதான் கூப்பிடுவோம். வருசம் பூரா அவனவன் பொழப்பைப் பாப்பான், வருசத்துக்கு ஒரு தடவை யூனிபார்ம் மாட்டிக்கிட்டு கேம்ப்புக்கு வருவான். சண்டைன்னு வந்தா கூப்பிட்ட இடத்துக்குப் போகணும். நான் மதுரை சிம்மக்கல்லுல பரோட்டா மாஸ்டர். கேம்ப்ல சமையல் ஹவில்தார், பேரு காதர். எழுபதுகளோட கடைசியில ஒரு வருசம் திருப்பரங்குன்றத்தைத் தாண்டி ஒரு பொட்டல்ல கேம்ப் போட்டிருந்தோம். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாத்துக்கும் டேங்கர் தண்ணிதான். அந்த டேங்கரை ஓட்டுறது முத்து.

முத்து கொட்டாம்பட்டிப் பக்கத்துல வெள்ளாமை பாக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. மத்த நாள்ல சிம்மக்கல் மார்க்கெட்டுக்கு வெங்காய லோடு ஓட்டுவா. பெத்தவங்க வச்ச பேரு முத்தையா. அந்த வருசம் முத்தம்மான்னு தானே மாத்திக்கிட்டா. இப்போ திருநங்கைன்னு மரியாதையா ஒரு சொல் இருக்கு. அப்போ ஊர்ல இருந்த சொல்லெல்லாம் வசவுதான், அதை நான் இங்க எழுதமாட்டேன். பேர் மாத்தினதுக்கு வீட்டுல சோறு நின்னுபோச்சு. லோடு குடுத்தவங்கள்ல பாதிப் பேர் நிறுத்திட்டாங்க. பட்டாளம் ஒண்ணுதான் மிச்சம். அதுக்கும் அந்தக் கேம்ப்போட கெடு முடியுது. மேஜர் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மேற்கொண்டு சர்வீஸ். அந்தக் கையெழுத்துக்காகத்தான் முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, பூட்ஸை முகம் தெரியத் துடைச்சுக்கிட்டு வந்திருந்தா.

2. தனி டென்ட்

பரேடு கலைஞ்சதும் லான்ஸ் நாயக் பாண்டி சுபேதார் முன்னாடி போய் நின்னான். ஊர்ல டவுன் பஸ் கண்டக்டர். ஒரு டென்ட்டுக்கு எட்டுப் பேர். அவனும் முத்துவும் ஒரே டென்ட்.

"சாப், நான் இவன்கூடப் படுக்கமாட்டேன்."

"போன வருசம் படுத்தேல்ல?"

"போன வருசம் எனக்குத் தெரியாதே, சாப்."

பக்கத்துல நின்ன முத்து, "உன் குறட்டைக்கு நான்தான்டா கம்ப்ளைன்ட் குடுக்கணும். ஒரு வார்த்தை சொன்னேனா?"ன்னா.

அப்புறம் கேம்ப் முழுக்க இதே பேச்சுதான். டிரில் நின்னாலும் இது நிக்கல. எங்க படுக்கிறது, எங்க குளிக்கிறது, பனியனோட நடமாடலாமா கூடாதா. தெனமும் கோமணத்தோட டேங்கர் குழாயடியில ஆடுற பயலுக்கெல்லாம் திடீர்னு வெக்கம் வந்துருச்சு. ஒருத்தன் என்கிட்ட வந்து, "பாய், இனிமே நாம எப்படிக் குளிக்கிறது?"ன்னான். "சோப்புப் போட்டுக் குளி மாப்ள, இந்த வருசமாவது"ன்னேன்.

சுபேதார் நல்ல மனுசன், ஆனா ரூலுக்குப் பொறந்தவர். யோசிச்சு யோசிச்சுக் கடைசியில ஒரு முடிவெடுத்தார். முத்துவுக்குக் கோடியில ஒரு தனி டென்ட். காலையில மத்தவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தனியாக் குளியல். பிரச்சினை தீந்துச்சுன்னு என்கிட்ட ரெண்டாவது டீ வாங்கிக் குடிச்சார்.

ஒரு நாள்தான் தாங்குச்சு.

மறுநாள் பாண்டி மறுபடியும் வந்தான். இந்தத் தடவை பின்னாடி பத்துப் பேர்.

"சாப், எட்டுப் பேருக்கு ஒரு டென்ட். மேஜருக்குத்தான் தனி டென்ட். முத்து என்ன மேஜரா?"

"நீதானய்யா கூடப் படுக்கமாட்டேன்னே?"

"அதுக்காக? நாங்க அரை வாளித் தண்ணிக்கு லைன்ல நிக்கிறோம். அங்க மகாராணி மாதிரி தனிக் குளியல். டிரங்குப் பெட்டி வைக்க இடம், காலை நீட்ட இடம். இது என்ன நியாயம், சாப்?"

பின்னாடி நின்ன ஒரு பய, "சாப், நானும் மூக்குக் குத்திக்கிறேன். எனக்கும் தனி டென்ட் குடுங்க"ன்னான்.

சுபேதார் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். அவருக்கும் உறைச்சிருச்சு. பட்டாளத்துல தனி டென்ட்டுங்கிறது அந்தஸ்து. சிப்பாய்க்குக் குடுத்தா அது ரூலுக்கு விரோதம். ஒதுக்கி வைக்கணும்னு நெனச்சு மேஜருக்குச் சமமா உக்கார வச்சுட்டார்.

"அப்ப என்னதான்யா பண்ணச் சொல்றீங்க?"

"பழையபடி எங்க டென்ட்டுக்கே அனுப்புங்க சாப்"ன்னான் பாண்டி.

முத்துவோட பெட்டியை அவனே தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தான். உள்ள ஒரு மூலையில தார்ப்பாயைக் குறுக்கத் தொங்கவிட்டாங்க. குழாயடியிலயும் அதே மாதிரி ஒண்ணு. அத்தோட அந்தப் பேச்சு அடங்கிப்போச்சு. அப்புறம் அவங்களுக்குள்ள சண்டையெல்லாம் பாண்டியோட குறட்டையைப் பத்தித்தான்.

3. மேஜரோட டீ

கேம்ப் முடியிற சமயத்துல மேஜர் வந்தார். நம்ம ஊர்ப் பேச்சு பேசுவார், கெட்டவரில்ல. என் கொட்டகையில மடக்கு நாற்காலி போட்டு டீ குடிச்சுக்கிட்டே முத்து விசயத்தைப் பேசினாங்க.

"சாப், ஆம்பளைக்கு ரூல் இருக்கு. பொம்பளைன்னா டாக்டரா, நர்ஸா வரலாம்னு ரூல் இருக்கு. இதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னார் சுபேதார்.

"சேரக்கூடாதுன்னு இருக்கா?"

"அப்படியும் இல்ல, சாப்."

மேஜர் டீ கிளாஸைக் கீழ வச்சார். அப்புறம் முத்துவைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு முத்து. குச்சியை எடுத்துரு. பழைய பேருலயே இருந்துக்க. ஊர்ல நீ எப்படி இருக்கேன்னு நான் கேக்கப்போறதில்ல. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

எனக்குப் பெரிய நிம்மதி. எடுத்துருவா முத்துன்னுதான் நெனச்சேன். ஒரு குச்சிதானே. முத்து அட்டென்ஷன்ல நின்னுக்கிட்டே சொன்னா:

"எடுத்தா ஓட்டை தூந்துரும், சாப். ரொம்ப வருசம் யோசிச்சுக் குத்துனது."

"எடுக்காட்டி நான் கையெழுத்துப் போடமுடியாது. மேல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"புரியுது, சாப்."

"பட்டாளம் வேண்டாமா உனக்கு?"

"வேணும், சாப்."

மேஜர் கையெழுத்துப் போடாமலே பேப்பரை மடிச்சு வச்சுட்டார். சுபேதார் என்னைப் பாத்தார். நான் அடுப்பைப் பாத்தேன்.

4. கிளம்பினது

மறுநாள் முத்து யூனிபார்மை மடிச்சு ஒப்படைச்சுட்டு, டேங்கர் சாவியைச் சுபேதார் கையில குடுத்துட்டு, என்கிட்ட சொல்லிக்க வந்தா. சாதாரண ஊதாப்பூச் சேலை. பாண்டி வெளிய பெட்டியோட நின்னான், பஸ் ஏத்திவிட.

"வருத்தமா இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு பாய். நல்லா வருத்தமா இருக்கு." அப்புறம், "பட்டாளத்து நம்பரை என்ன பண்ணுவாங்க பாய்? வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களா?"ன்னா.

"இல்ல. ஒரு நம்பர் ஒரு ஆளுக்குத்தான். திரும்பக் குடுக்கமாட்டாங்க."

"அப்ப அது என்னோடதுதான்." சிரிச்சா. "சரி பாய், போயிட்டு வாரேன்."

அன்னைக்குப் புது டிரைவர் டேங்கரைச் சேத்துல இறக்கிட்டான். சோறு மத்தியானம் தாண்டித்தான் வெந்துச்சு. யாரும் என்னைத் திட்டல. எல்லாரும் தட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

இப்பவும் டிவியில இதே விவாதம் வருது, படையில சேக்கலாமா கூடாதான்னு. கோட்டுப் போட்டவங்க எங்க தங்குறது, எங்க குளிக்கிறதுன்னு மணிக்கணக்கா பேசுறாங்க. நான் அந்தக் கேம்ப்ல அம்புட்டுப் பேச்சையும் பக்கத்துல இருந்து கேட்டவன். ஏசினவன் இருந்தான், சிரிச்சவன் இருந்தான், ரூல் பேசினவர் இருந்தார். முத்துவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு மட்டும் ஒருத்தன் சொல்லல.