ஒரு கையெழுத்துதானே

மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததும், எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் வரும் மயிலாப்பூர் வங்கியில் படிப்புக் கடன் கேட்டேன்.

"தர முடியாதும்மா. நீங்க ஜாமீன் போட்டவங்க ஸ்கூட்டர் கடனைக் கட்டவே இல்ல. உங்க பேர்லயும் பாக்கி நிக்குது" என்றார் மேனேஜர்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கொருவர் ஜாமீன் போடுவது டீ வாங்கித் தருவது மாதிரி. சக ஆசிரியை கமலாவுக்கு நானும் போட்டிருந்தேன். அவரிடம் போய்க் கேட்டேன். "ஒரு கையெழுத்துதானே டீச்சர் போட்டீங்க, பணமா குடுத்தீங்க?" என்றார். அன்றும் அந்த ஸ்கூட்டரில்தான் கணவரோடு வீட்டுக்குப் போனார்.

கல்லூரிக் கட்டணம் கட்டும் கெடு முடிந்து, மகளின் இடம் வேறொருவருக்குப் போனது.

இப்போது யாராவது ஜாமீன் கேட்டால் நான் மறுப்பதில்லை. "வீட்டுக்கு வந்து என் பொண்ணுகிட்ட கேளுங்க. அவ சரின்னா போடுறேன்" என்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை.