உயரம் நின்றுபோன வருஷம்

நான்காம் வகுப்பு படிக்கும்போது, ஊரிலேயே ஆரோக்கியமான பிள்ளை நான்தான் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். கன்னம் உப்பலாக இருக்கும். சத்தியமங்கலத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளைத் திட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் எனக்கு அம்மிக்கல் என்று பெயர்.

வருஷத்துக்கு ஒருமுறை எடையும் உயரமும் பார்க்க ஒரு நர்ஸம்மா வருவார். அந்த முறை ஒல்லிப் பிள்ளைகளையெல்லாம் அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். இரண்டு முறை அளந்தார். என் அட்டையில் போன வருஷத்து அளவைத் தேடினார். எடை நான்கு கிலோ கூடியிருந்தது. உயரம் அதே இடத்தில் நின்றிருந்தது.

அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார்.

"எங்க ஊட்ல எல்லாருமே குட்டைதானுங்க" என்றார்.

"குட்டையா இருக்கறது வேறங்க, வளராம நிக்கறது வேறங்க" என்றார் நர்ஸம்மா. "கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாருங்க."

மஞ்சள் வேலை முடியட்டும் என்று அப்பா வீட்டில் சொன்னார். அம்மா மறுநாள் முதல் பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஒட்டுப்பொட்டு அளவுதான். நான் அடம்பிடித்த நாட்களிலும் அம்மா விட்டதில்லை.

அடுத்த வருஷம் நர்ஸம்மா வந்த அன்றைக்கு, யாரும் கூப்பிடாமலே அப்பா வந்து வகுப்பு வாசலில் நின்றிருந்தார்.

"ஒம்பது சென்டிமீட்டர் வளந்திருக்கற, கண்ணு" என்றார் நர்ஸம்மா.

"ஏனுங்க, இன்னொருக்கா அளந்து காட்டுங்க" என்றார் அப்பா.

மறுபடியும் ஒன்பதுதான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை வழிபாட்டு வரிசையில் டீச்சர் என்னை முன்னாலிருந்து எடுத்து நான்கு பேருக்குப் பின்னால் நிறுத்தினார். எனக்கு அம்மிக்கல் என்று பெயர் வைத்தவள் என் முன்னால் நின்றாள். அவள் தலைக்கு மேலாகவே கொடிக்கம்பம் தெரிந்தது.

அது உயரத்துக்கான மாத்திரை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வருஷம் வகுப்பில் தூங்கி விழுவது நின்றது. சித்திரை வெயிலிலும் போர்வை தேடுவது நின்றது. வகுத்தல் கணக்கு தலையில் ஏறியது. இதெல்லாம் நான் திருந்தி நல்ல பிள்ளையாகிவிட்டதால் என்று எண்ணிக்கொண்டேன். அதற்கு முன்பும் நான் சோம்பேறியாக இருந்ததில்லை என்பது புரியப் பல வருஷம் ஆனது.