ஈ.சி.ஆர். காற்றும் என் சகலையின் கண்ணாடியும்

ஆடி பிறந்ததும் புதுச்சேரியிலிருந்து மாமனாரின் போன் வந்துவிடும். இரண்டு மாப்பிள்ளைகளும் மனைவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தாக வேண்டும். இந்த வருடம், 2008-லும் அப்படித்தான் கூப்பிட்டார். பஸ்ஸில் போனால் காலாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் நான் பைக்கில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். காரணம் என் சகலை ரவி.

ரவி, என் மனைவி சித்ராவின் தங்கை சுமதியைக் கட்டியவன். நாங்கள் சிட்லபாக்கம், அவர்கள் கீழ்க்கட்டளை. இருவரிடமும் ஒரே மாதிரியான 150 சிசி வண்டி. நான் வாங்கிய மூன்றாம் மாதம் அவனும் வாங்கினான், அதே கறுப்பு நிறம். போகட்டும். ஆனால் பொங்கலுக்குச் சேர்ந்து போனபோது அவன் வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் ஒரு சின்ன விண்ட்ஷீல்டு கண்ணாடி முளைத்திருந்தது. எழுபதில் போகும்போது என் தலை காற்றில் ஆடு ஆடென்று ஆடியது. அவன் பின்னால் சுமதி அவன் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். தூங்கினாள் ஐயா, நெடுஞ்சாலையில்! அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சல் எனக்கு ஆறு மாதம் ஆறவில்லை.

ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம், வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போனேன். சகலையினுடையது 450 ரூபாய், முழங்கை உயரம்கூட இல்லை. நான் 700 ரூபாய்க்கு, கடையில் இருந்ததிலேயே உயரமானதை வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் கண்ணாடியின் அடிப்பக்கத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ரவி வண்டியிலும் அந்த இடைவெளி உண்டு. பயல் சரியாகப் பொருத்தத் தெரியாமல் விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பாஞ்சை வெட்டித் திணித்து, மேலே கறுப்பு டேப் சுற்றி ஓட்டையை அடைத்தேன்.

காலை 5.45-க்குக் கிளம்பினோம். மேடவாக்கம் கூட்டுரோட்டில் ரவியும் சுமதியும் சேர்ந்துகொண்டார்கள். சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை போய் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். எங்கள் வீட்டிலிருந்து புதுச்சேரி இந்த வழியில் சுமார் 140 கிலோமீட்டர். பைக்குக்கு டோல் கிடையாது. செங்கல்பட்டு பக்கமாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வழியாகவும் போகலாம், ஆனால் லாரிகளுக்குப் பக்கத்தில் போய் அவற்றின் காற்றில் அடிவாங்க வேண்டியிருக்கும்.

ஐம்பது வரை ஒன்றுமில்லை. அறுபதைத் தாண்டியதும் ஹெல்மெட்டை யாரோ இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்ட ஆரம்பித்தார்கள். எழுபதில் அது அறையாக மாறியது. கண்ணுக்கு முன்னால் ரோடே இரண்டாகத் தெரிகிறது. காதுக்குள் மாவு மெஷின் ஓடுகிற சத்தம். கண்ணாடி இல்லாத காலத்தில்கூட இவ்வளவு மோசமில்லை. ஆடி மாதம் காலையில் காற்று மேற்கிலிருந்து, அதாவது தெற்கே போகிறவர்களுக்கு வலது பக்கத்திலிருந்து வேறு அடிக்கும். பின்னால் சித்ரா புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிச் செருகி அவள் கை ஓய்ந்துவிட்டது.

முன்னால் ரவி ஏதோ சொல்கிறான், சுமதி சிரிக்கிறாள், அவள் திருப்பிச் சொல்கிறாள், அவன் சிரிக்கிறான். அந்த வேகத்தில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோவளம் பஸ் நிறுத்தத்தில் டீக்கு நிறுத்தினோம். மீன்கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னா சார், டிவி பொட்டிய முன்னால கட்டிகினு வர்ற? படம் கிடம் தெர்தா?”

“காத்துக்கு வெச்சிருக்கும்மா.”

“காத்துக்கா? அக்கா மூஞ்சப் பாத்தா காத்து மொத்தமும் அவுங்க மேலதான் வந்தா மாரி கீது!”

சித்ரா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். ரவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு ஒரு யோசனை சொன்னான். “அண்ணா, மாமல்லபுரம் வரைக்கும் அக்கா என் வண்டில வரட்டும். சுமதி உங்க வண்டில உக்காரட்டும். எதுல என்ன ப்ராப்ளம்னு தெரிஞ்சிடும்.” வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் சித்ரா அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பதினெட்டு, இருபது கிலோமீட்டர் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சுமதி பின்னாலிருந்து, “மாமா, யாரோ ஹெல்மெட்ட டமடமன்னு தட்டற மாதிரி இருக்கு” என்று கத்தினாள். அது பரவாயில்லை. முன்னால் சித்ரா பேசிக்கொண்டே போனாள். கை ஆட்டிப் பேசினாள். கல்யாணமான ஏழு வருடத்தில் என் பின்னால் உட்கார்ந்து அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இவனிடம் சொல்ல?

மாமல்லபுரத்தில் பெட்ரோல் போடும்போது தெரிந்தது. ரவி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“கங்கிராட்ஸ்ணா. அக்காவுக்குத் திருச்சி பிராஞ்ச் மேனேஜர் போஸ்ட்டாமே! ரெண்டு வருஷம் தனியா இருக்கணும், ஆனா நீங்க உடனே சரின்னு சொல்லிட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க. நானா இருந்தா விடமாட்டேன்ணா. நீங்க கிரேட்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்ரா இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். பதவி உயர்வு வரலாம் என்பது தெரியும். திருச்சி தெரியாது. நான் சரி சொன்னது எனக்கே தெரியாது. ஆனால் சகலையிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொல்வதா? “ஆமாப்பா, அவ திறமைக்குக் கெடைச்சது” என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் போனேன்.

சித்ரா மறுபடி என் வண்டியில் ஏறும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “திருச்சிக்கு நான் எப்போ சரின்னு சொன்னேன்?”

“போன மாசம் செங்கல்பட்டு கல்யாணம் முடிஞ்சு வரும்போது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி. போகவான்னு கேட்டேன், ‘ம்’னு சொன்னீங்களே. நாளைக்கு ஆபீஸ்ல பதில் சொல்லணும்.”

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னாலிருந்து ஏதோ குரல் வரும். காற்றில் ஒரு வார்த்தையும் விளங்காது. மறுபடி கேட்டால் மறுபடியும் விளங்காது. அதனால் “ம்” என்று ஒரு ம் போட்டுவைப்போம். எத்தனை வருடமாக எதற்கெல்லாம் ம் கொட்டியிருக்கிறேனோ! இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே ரவி நின்றுகொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டேன்.

மாமல்லபுரத்துக்கு அப்புறம் ரோடு அருமை. மரக்காணம் பக்கம் உப்பளங்கள் வரும். அங்கே மரமே இல்லாததால் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். கையை விறைப்பாக வைத்துக்கொண்டு எதிர்த்தால் வண்டி இன்னும் ஆடும். தொடையால் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையைத் தளர்த்திவிட வேண்டும். எதிரே பஸ் வரும்போதும் அப்படித்தான். இதெல்லாம் நான் அன்றைக்குச் செய்யவில்லை. கோபத்தில் ஹேண்டில்பாரை முறுக்கிக்கொண்டே போனேன். 9.30-க்குப் போய்ச் சேர்ந்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சித்ரா முந்தைய நாளே போனில் சொல்லியிருக்கிறாள். “மாப்ள, எனக்குப் பேச்சே வரல. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? ரவி, பாத்துக்கோப்பா உன் சகலைய!” என்றார்.

ஏழு வருடத்தில் ரவியை விட நான் ஒரு படி மேல் என்று அந்த வீட்டில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ரவியின் முகம் ஒரு நொடி சுருங்கியதை நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இனித்தது. வடையும் பாயசமும் எனக்குத்தான் முதலில் வந்தன. ஆனால் வாயைத் திறந்து “நான் சரி சொல்லவே இல்லை” என்றால் இந்த மரியாதை போகும். திறக்காவிட்டால் இரண்டு வருடம் சித்ரா இல்லாத வீட்டுக்கு நான் சாவி போட்டுத் திறக்க வேண்டும்.

யாரிடமும் பேசப் பிடிக்காமல் சாப்பிட்டதும் வாசலுக்கு வந்து வண்டியோடு மல்லுக்கு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ரவியும் வந்தான்.

“அண்ணா, கீழ ஏன் அடைச்சீங்க?”

“காத்து வருதே.”

“வரணும்ணா! கண்ணாடிக்குப் பின்னாடி காத்தே இல்லைன்னா, மேல தாண்டிப் போற காத்து சுழண்டுக்கிட்டு உள்ள இறங்கும். அதான் உங்க மண்டைல அடிக்குது. கீழ கொஞ்சம் விட்டா உள்ள நிரம்பிடும், மேல இருந்து இறங்காது. நானும் மொதல்ல துணி வெச்சு அடைச்சு, ரெண்டு மாசம் கழுத்து வலியோட சுத்தினேன். ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.”

அவனும் அடைத்தானாம்! அதைக் கேட்டதில் அவன் மேலிருந்த காய்ச்சல் பாதி இறங்கியது. வீட்டுக் கதவிடுக்கில் காற்று வந்தால் துணி செருகித்தானே நமக்குப் பழக்கம்? வண்டியிலும் அதையே செய்திருக்கிறோம்.

ரவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஆளில்லாத நேரான ரோட்டில் உதறல் ஆரம்பிக்கிற வேகத்தில் சீராகப் போங்கள். இருக்கையிலிருந்து மெல்ல அரையடி எழும்புங்கள். உதறல் நின்றால் உங்கள் தலை சுத்தமான காற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடியை இறக்க வேண்டும். குனிந்தால்தான் நிற்கிறது என்றால் உயர்த்தவோ சாய்க்கவோ வேண்டும். எனக்கு எழும்பியதுமே நின்றது. பெருமையாக வாங்கிய அந்த உயரம்தான் பாதி வினை. டேப்பையும் ஸ்பாஞ்சையும் பிய்த்தேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால், கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்து முடுக்கினேன். சித்ராவை, அந்த வீட்டில் இருந்த சுமதியின் பழைய சுடிதாருக்கு மாறச் சொன்னேன். இரண்டு பக்கமும் கால் போட்டு, ஓட்டுகிறவரை ஒட்டி உட்கார்ந்தால் நடுவில் காற்று புகாது. துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்வது உயிருக்கும் நல்லது.

மூன்றரைக்குத் திரும்பினோம். சாயங்காலம் காற்று கடலிலிருந்து வரும். வடக்கே போகிறவர்களுக்கு அதுவும் வலது பக்கம்தான். மரக்காணம் தாண்டி அறுபது, எழுபது, எழுபத்தைந்து. காற்று வராமலில்லை, நெஞ்சிலும் ஹெல்மெட்டிலும் ஒரே சீராக வந்து தள்ளியது. அந்தத் தட்டல் மட்டும் இல்லை. செயின் ஓடுகிற சத்தம் கேட்டது. சித்ரா தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது.

தலையை லேசாகத் திருப்பி உரக்கச் சொன்னேன். “அன்னிக்கு நீ கேட்டது என் காதுல விழவே இல்ல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“உங்க ‘ம்’ எனக்குத் தெரியாதா? ஹால்ல உக்கார வெச்சுக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

என்ன சொல்லியிருப்பேன் என்று இருவருக்கும் தெரியும்.

“அதான் அங்க கேட்டேன்” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே, “ஆனா ஒரு மாசமா மனசுக்கு ஒப்பல. இப்போ கேக்குதில்ல? சொல்லுங்க. போகவா, வேணாமா? வேணாம்னா நாளைக்கு வேணாம்னு சொல்லிடறேன்” என்றாள்.

கல்பாக்கம் பிரிவு நெருங்கியது. என் சகலையிடம் கை ஆட்டிப் பேசிக்கொண்டு போனாளே, அது நினைவுக்கு வந்தது. அந்த வேலையைப் பற்றித்தான் அவ்வளவு உற்சாகமாகப் பேசியிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை அவன் முழுசாகக் கேட்டான், எனக்கு ஒரு ம் அளவுக்குத்தான் கிடைத்தது. பொறாமைதான். இந்த முறை அதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

“போ” என்றேன்.

“என்ன?” ஓட்டுகிறவரின் குரல் பின்னால் போவது கஷ்டம்.

“போன்னேன்! போ!”

பக்கத்தில் வந்துகொண்டிருந்த ரவி பதறிப்போய் வண்டியை நெருக்கினான். “அண்ணா, நடு ரோட்டுல என்னண்ணா சண்டை? அக்கா, நீங்க வேணா எங்க வண்டில வர்றீங்களா?”

“வேணாம் ரவி,” என்றாள் சித்ரா, “இப்போதான் இவர் பேசறாரு.”

பயணக் கணக்கு: போக வர 285 கிலோமீட்டர், பெட்ரோல் 350 ரூபாய், டீயும் இளநீரும் 40 ரூபாய். கண்ணாடி வாங்குகிறவர்கள் உயரத்தைப் பார்க்காதீர்கள், உயர்த்தி இறக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அடி இடைவெளியை அடைக்காதீர்கள். சகலை வைத்திருக்கிறான் என்பதற்காக வாங்காதீர்கள். அவன் உயரம் வேறு, உங்கள் உயரம் வேறு.

சித்ரா திருச்சியில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. மாதம் இரண்டு தடவை ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துப் போய்வருகிறேன், ஒரு வழி 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பின்னால் ஆளில்லாதபோது வண்டியின் பின்பக்கம் எழும்பிக் கண்ணாடியின் சாய்வு மாறிவிடும், அதனால் தனியாகப் போகிறவர்கள் மறுபடி ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் மாற்றவில்லை. இருவருக்கு வைத்த அளவிலேயே விட்டிருக்கிறேன். விழுப்புரம் தாண்டினால் கழுத்து வலிக்கிறது.