வெள்ளைக்காரர் சொன்ன ‘டேய்’

எழுபதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் அப்பாவுக்கு மளிகைக்கடை. பள்ளி விட்டதும் கல்லாவில் நான்தான் உட்காருவேன். இன்றைக்கும் மிளகாய்த்தூள் நெடி பட்டால் அந்தக் கடைதான் கண்ணுக்குள் வரும்.

அப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரத் துரை ‘டேய்’ என்றால் கைகட்டி நிற்க வேண்டும். அந்தச் சொல் பொறுக்காமல்தான் தோட்டத்தையே விட்டு வந்தார். தன் கடையில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட விடமாட்டார். தானும் யாரையும் கூப்பிட மாட்டார், மூட்டை தூக்குகிறவரைக்கூட.

ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். ரப்பர் சிலிப்பர் போட்ட நெட்டை வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“டேய், நல்லாருக்கியாடா? கருவாடு இருக்கா?”

அப்பாவின் முகம் செத்துப்போனது. எனக்கு வந்ததே கோபம்!

“யாரப் பாத்து டேய்ங்கிறீங்க? இது எங்கப்பா கடை லா, உங்க தோட்டம் இல்ல!”

மனிதர் சிரிப்பை நிறுத்தி ஓரடி பின்வாங்கினார். “சாரி, சாரி. டேய்னா ஃபிரண்டு இல்லையா?”

அரைகுறைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் சொன்னது இதுதான். பிரிட்டிஷ் காலாட்படையில் சேர்ந்து வாலிபனாக இங்கே வந்தவர், சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பான்காரனிடம் கைதி. சயாமில் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். பக்கத்து முகாமில் நம் தோட்டத்துத் தமிழ் ஆட்கள். அதில் ஒருவர், தண்ணீர் தூக்கப் போகும்போது, இவருக்குக் கருவாட்டுத் துண்டை எறிந்துவிட்டுப் போவாராம்.

“‘டேய், தின்னுடா’ன்னு சொல்வான். எனக்குக் காய்ச்சல் வந்தா, ‘டேய், சாவாதடா’ம்பான். நானும் அவன டேய்ம்பேன். எனக்குத் தமிழ் அவ்ளோதான்.”

“அவரு எங்க இப்ப?” என்றேன்.

“வரல. நான்தான் வந்தேன்.”

போர் முடிந்து, கழற்றிய பட்டாள உடுப்பையே மறுபடி மாட்டிக்கொண்டு மலாயாக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டிருக்கிறார். பட்டாளம் இங்கிருந்து மூட்டை கட்டியபோது, ஊருக்குப் போகாமல் கேலாங்கில் அறை எடுத்துத் தங்கி, காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் அண்ணனும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க சார்.”

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். நான் ‘நீங்க, வாங்க’ சொல்லிக்கொடுத்தேன். மனிதர் கடைப் பூனையைக்கூட “வாங்க, வாங்க” என்று கூப்பிட ஆரம்பித்தார். நாங்கள் சிரித்த சிரிப்பு!

எண்பதுகளில், டோபி காட் பக்கம் எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போய், அறுவை சிகிச்சைக்கு இங்கிலாந்திலிருக்கும் தங்கையிடம் கிளம்பினார். ஆள் பாதியாகியிருந்தார். “போயிட்டு வரேங்க” என்று அப்பாவைக் கும்பிட்டார்.

அப்பா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“டேய்,” என்றார். “சாவாதடா.”